கிரீன்விச் தீபகற்பம்

கிரீன்விச் தீபகற்பம் என்பது இங்கிலாந்தின் தலைநகரான இலண்டனின் தென்கிழக்குப் பகுதியில், தேம்ஸ் ஆறு பெரியதொரு வளைவாகத் திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் ஆற்றால் சூழப்பட்டு அமைந்துள்ள நிலப்பகுதியாகும். நிருவாக முறையில் இது கிரீன்விச் மாநகரப் பிரிவைச் சேர்ந்தது. 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு ஆலைகளுள் ஒன்று இங்கு இயங்கியது. 2000ஆம் ஆண்டைக் கொண்டாடுவதற்காகக் கட்டப்பட்டு, இப்பொழுது ஓ2 என்னும் பெயரில் இயங்கும் பெரிய கூடாரக் கட்டடம் இதன் வட முனையில் உள்ளது. அதனாலேயே இவ்விடம் உலகின் பிற பகுதிகளில் உள்ளோருக்கும் அறிமுகமாகியுள்ளது.

நகரின் மையத்துக்கு அண்மையில் இருந்தும் இந்நிலம் ஏறத்தாழ 1990கள் வரையில் குடியிருப்புப் பகுதியாக வளரவில்லை. நகரத்தார் தம் வீட்டருகே இருக்க விரும்பாத வெடிமருந்து, தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள், தார், நச்சுக் கழிவு போன்றவை பல நூற்றாண்டுகளாக இங்கேயே கொண்டுவரப்பட்டன. தீபகற்பத்தின் பிற்கால வளர்ச்சியையும், அதையொட்டி எழுந்த பிணக்குகளையும் விளங்கிக்கொள்ள இந்தப் பின்னணி இன்றியமையாதது.

பெயரும் அமைவிடமும்

இவ்வூரின் பெயர் உள்ளூரில் கிரெனிச் என ஒலிக்கப்படுகிறது. எனினும் தமிழில் வழக்கூன்றிவிட்ட கிரீன்விச் என்னும் வடிவமே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது. தீபகற்பத்துக்கு இப்பெயர் அண்மைக் காலத்தில் வந்ததே. முன்னர் இது கிரீன்விச் சதுப்பு எனவும், அதன் ஒரு பகுதி பக்சுபியின் சதுப்பு எனவும் வழங்கியது. வட முனை பிளாக்வால் முனை எனப்படும். கிழக்குப் பக்கத்து ஆற்றுப்பகுதிக்கு பக்சுபி நீர்வழி என்னும் பெயர் இன்றும் உண்டு.

தேம்ஸ் ஆறு இவ்விடத்தில் அடுத்தடுத்து இரு வளைவுகளாக ஓடுகின்றது. முதல் வளைவுக்குள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நீளும் நிலம் நாய்த்தீவு எனப் பொருள்படும் ஐல் ஆஃப் டாக்ஸ் ஆகும். கனரி வார்ஃப் எனப்படும் நிதி நிறுவனக் கோபுரங்கள் அங்கேயே உள்ளன. அடுத்த வளைவுக்குள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நீள்வது கிரீன்விச் தீபகற்பம். கிழக்கே, ஆற்றுக்கு அப்பால் சில்வர்டவுன் உள்ளது. உலகின் நெடுங்கோடுகள் கணக்கிடப்படும் முதன்மை நெடுங்கோடு தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தை ஊடறுத்துச் செல்கிறது.

நிலம் முழுவதும் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். கடல் ஓதம் தேம்ஸ் வழியாக இலண்டனைத் தாண்டியும் ஏறி வருவதால், நீர் உயரும் வேளையில் ஆற்றின் மட்டம் இந்நிலத்தின் மட்டத்தைவிட மேலே நிற்கும். கரைச்சுவர் இல்லையேல் தீபகற்பத்தின் பெரும்பகுதி நாளுக்கு இருமுறை நீரில் மூழ்கும். எனவே இங்கு நடந்த எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனையாக இருந்தது கரைச்சுவரே எனலாம்.

தொடக்க வரலாறு

16ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பொறியாளர்களின் துணையுடன் சதுப்பின் நீர் வடிக்கப்பட்டு, நிலம் மேய்ச்சலுக்குரியதாக்கப்பட்டது. வாய்க்கால்களையும் மதகுகளையும் பேணுவது நில உரிமையாளர்களின் கூட்டுப் பொறுப்பாக இருந்தது. ஆடுமாடுகள் மேய்ந்தன, ஆனால் மக்கள் குடியேறவில்லை. ஈரமும் காய்ச்சலும் நிறைந்த இடம் என்பதே சதுப்பைப் பற்றிய பொதுவான எண்ணம்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசின் படைக்கலத் துறை மேற்குக் கரையில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்றை அமைத்தது. ஆலைகளிலிருந்து படகில் வரும் வெடிமருந்து இங்கே சோதிக்கப்பட்டுப் பின்னர் கப்பல்களுக்கு அனுப்பப்பட்டது. கிடங்கு தீப்பற்றினால் ஊரே அழியும் என அஞ்சிய கிரீன்விச் மக்கள் நாடாளுமன்றத்துக்கு மீண்டும் மீண்டும் முறையிட்டனர். இரண்டு தலைமுறைகளுக்கும் மேலான முறையீட்டுக்குப் பிறகு, 1760களில் கிடங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள பர்ஃபிளீட் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. பிளாக்வால் முனையிலோ, தூக்கிலிடப்பட்ட கடற்கொள்ளையரின் உடல்கள் இரும்புக் கூடுகளில் அடைக்கப்பட்டுத் தொங்கவிடப்பட்டன. இலண்டனுக்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலின் மாலுமியும் அதைப் பார்க்கவேண்டும் என்பதே நோக்கம்.

1803 கொதிகலன் வெடிப்பு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கரையில், ஓத நீரின் ஏற்ற இறக்கத்தால் இயங்கும் பெரிய மாவாலை ஒன்று கட்டப்பட்டது. அந்தப் பணிக்காக ரிச்சர்ட் டிரெவிதிக் என்னும் கார்ன்வால் பொறியாளரின் உயரழுத்த நீராவிப் பொறி கொண்டுவரப்பட்டது. 1803 செப்டெம்பரில் அதன் கொதிகலன் வெடித்து நால்வர் இறந்தனர்.

இந்நிகழ்வு நீராவிப் பொறியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெறுகிறது. தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும் பொறிகளை விற்றுவந்த மத்தேயு பௌல்டனும் ஜேம்ஸ் வாட்டும், உயரழுத்த நீராவி ஆபத்தானது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டினர். வெடிப்புக்குக் காரணம் பொறியின் வடிவமைப்பு அன்று, இயக்கியவர்களின் கவனக்குறைவே என்பது டிரெவிதிக்கின் கருத்து. எனினும் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. தாம் பின்னர் அமைத்த கொதிகலன்களில் இரண்டு காப்புத் தடுக்கிதழ்களைப் பொருத்தினார். அவற்றுள் ஒன்றை மட்டுமே இயக்குபவர் மாற்றியமைக்க முடியும். நீர் மட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் உருகி, நீராவியை வெளியேற்றும் ஈய அடைப்பானையும் சேர்த்தார். பின்வந்த நீராவிக் கொதிகலன்களில் வழக்கமாகிவிட்ட இந்தக் காப்புகளுக்குத் தூண்டுகோல் இச்சதுப்பில் நிகழ்ந்த விபத்தே.

மாவாலையை ஒட்டித் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட சிறிய வீட்டு வரிசையும் பைலட் என்னும் மதுவிடுதியும் இன்றும் நிலைத்துள்ளன. தீபகற்பத்தின் வட பாதியில் எஞ்சியுள்ள மிகப் பழைய குடியிருப்பு இதுவே. இவ்வரிசையின் பெயர் சிலோன் பிளேஸ், அதாவது இலங்கை இல்லம். விடுதியின் சுவரில் உள்ள கல்வெட்டு 1801ஆம் ஆண்டைக் குறிக்கிறது. இலங்கையின் கரையோரப் பகுதிகளைப் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கைப்பற்றியிருந்தனர். அக்காலச் செய்தியின் எதிரொலியாகவே இப்பெயர் இடப்பட்டது எனக் கருதலாம்.

கடலடிக் கம்பிவடங்கள்

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குப் பெயர்பெற்ற என்டர்பி குடும்பத்தினர் 1830களில் கயிறும் பாய்த்துணியும் செய்யும் ஆலை ஒன்றை நடத்தினர். 1845இல் அது தீக்கிரையானது. கயிறு முறுக்கும் தொழில் இருந்த இக்கரைக்கே தந்திக் கம்பிவடத் தொழில் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. கடலடிக் கம்பிவடம் என்பது செப்புக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மேல் மலாய்த் தீவுகளில் கிடைக்கும் கட்டாபெர்ச்சா மரப்பாலைப் பூசி, வெளியே இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்யப்படுவது. செய்முறையில் அது கயிறு திரித்தலை ஒத்தது. ஆழமான ஆற்றங்கரை இருந்ததால், முடிந்த வடத்தை ஆலையிலிருந்து நேராகக் கப்பலுக்குள் சுற்றி ஏற்றவும் முடிந்தது.

1857இல் அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடக்க முயன்ற முதல் கம்பிவடத்தின் ஒரு பாதி கிளாஸ் எலியட் என்னும் கிரீன்விச் நிறுவனத்தால் செய்யப்பட்டது. மறு பாதியை வேறொரு நிறுவனம் மெர்சி ஆற்றங்கரையில் செய்தது. வேலை முடியும் தறுவாயில்தான், இரு பாதிகளின் வெளிக்கம்பிகளும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. நடுக்கடலில் அவற்றை இணைத்தால் ஒன்றின் முறுக்கை மற்றது அவிழ்த்துவிடும். சிறப்பு இணைப்புக் கருவி ஒன்று செய்து இதனைச் சமாளித்தனர். 1858இல் இவ்வடம் வழியாகச் செய்திகள் சென்றன. ஆனால் மூன்று வாரங்களில் அது செயலிழந்தது. 1864இல் கிளாஸ் எலியட்டும் கட்டாபெர்ச்சா நிறுவனமும் இணைந்து டெல்கான் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நிறுவனமாயின. என்டர்பி துறையில் செய்யப்பட்டு, கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெரும் கப்பலால் 1866இல் இடப்பட்ட வடமே இரு கண்டங்களையும் நிலையாக இணைத்தது.

டெல்கான் செய்த வடங்கள் அத்துடன் நிற்கவில்லை. 1870இல் பம்பாயையும் ஏடனையும் இணைத்த வடமும், 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இடப்பட்ட வடமும் இந்நிறுவனத்தின் பணிகளே. அதற்கு முன் கப்பல் அஞ்சலில் வாரக்கணக்கில் காத்திருந்த சென்னை வணிகர்கள், பினாங்கு, சிங்கப்பூர்ச் சந்தை நிலவரத்தைத் தந்தி வழியாக விரைவில் அறியும் நிலை அதனால் உண்டாயிற்று.

வேறு தொழில்களும் இக்காலத்தில் இங்கு வந்தன. எஃகு செய்யும் புதிய முறையைக் கண்ட ஹென்றி பெசமர் 1860களில் இங்கு ஓர் ஆலை அமைத்தார். மாட்ஸ்லி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் 1870இல் பிளாக்கேடர், ஹாலோவீன் என்னும் இரு விரைவுப் பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. இவை புகழ்பெற்ற கட்டி சார்க் கப்பலின் உரிமையாளருக்காகக் கட்டப்பட்டவை. தளமோ சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

எரிவாயு ஆலை

1880களில் தென் பெருநகர எரிவாயுக் குழுமம் தீபகற்பத்தின் பெரும்பகுதியை வாங்கி, கிழக்கு கிரீன்விச் எரிவாயு ஆலையைக் கட்டத் தொடங்கியது. ஜார்ஜ் லிவ்சி என்பவர் அக்குழுமத்தின் தலைவராகவும் பொறியாளராகவும் விளங்கினார். தெருவிளக்குகளும் வீட்டு விளக்குகளும் எரிவாயுவால் எரிந்த காலம் அது. தென் இலண்டனின் பல சிறிய ஆலைகளுக்குப் பதிலாக ஒரே பெரிய ஆலையை நகருக்கு வெளிப்புறமாக அமைப்பது அவரது திட்டம்.

வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நிலக்கரி இங்கே ஆற்றங்கரையில் இறக்கப்பட்டது. காற்றுப் புகாத கலன்களில் நிலக்கரியைச் சூடாக்கினால் எரிவாயு வெளிவரும். கலனில் கற்கரி எஞ்சும். வெளிவரும் வாயு தூய்மையானதன்று. அதிலிருந்து தார், அம்மோனியா, கந்தகம், சயனைடு ஆகியவற்றைப் பிரித்தெடுத்த பிறகே குழாய்களில் அனுப்ப இயலும். பிரித்தெடுக்கப்பட்டவற்றை வீணாக்காமல், அருகிலேயே அமைந்த வேதி ஆலைகளில் உரமாகவும் சாயமூலப் பொருளாகவும் சாலைத் தாராகவும் மாற்றி விற்றனர். விற்க முடியாதவை நிலத்திலேயே தங்கின. நூறாண்டுகளுக்குப் பின்னர் அரசு பெரும்பணம் செலவிட நேர்ந்தது இந்த எச்சங்களுக்காகவே.

வாயுவைச் சேமித்து வைக்க இரண்டு பெருந்தொட்டிகள் எழுப்பப்பட்டன. 1888இல் முடிந்த முதலாவது தொட்டியின் கொள்ளளவு 86 இலட்சம் கன அடி. 1890களின் தொடக்கத்தில் எழுந்த இரண்டாவது 120 இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட வாயுவைக் கொள்ளக்கூடியது. கட்டப்பட்ட காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது. நீரில் மிதக்கும் இரும்பு மணிகள் வாயு நிறைய நிறைய ஒன்றன்மேல் ஒன்றாக மேலெழுவதும், இரவில் நகரம் விளக்கேற்றும்போது கீழிறங்குவதும் தீபகற்பத்தின் அன்றாடக் காட்சியாக இருந்தன.

இவ்வாலைத் தொழிலாளரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. 1889இல் வில் தோர்ன் தலைமையில் உருவான எரிவாயுத் தொழிலாளர் சங்கம், 12 மணி நேர வேலை முறையை 8 மணி நேரமாகக் குறைக்க வைத்தது. அவ்வாண்டின் இறுதியில் லிவ்சி இலாபப் பங்கீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். பங்கு பெறுவோர் குழுமத்துடன் ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. வேலைநிறுத்த உரிமையைப் பறிப்பதே இதன் உள்நோக்கம் எனச் சங்கம் கருதியது. 1889 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில வாரங்களில் தோல்வியடைந்தது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்களைக் கொண்டு ஆலைகள் இயக்கப்பட்டன. இலாபப் பங்கீட்டுத் திட்டம் பின்னர் பல ஆண்டுகள் நீடித்தது. லிவ்சியைத் தொழிலாளர் நலம் பேணிய முன்னோடி என்பாரும் சங்கத்தை முறித்தவர் என்பாரும் உளர். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய உண்மைகளே.

1917 சனவரி 19 மாலையில், ஆற்றின் மறுகரையில் சில்வர்டவுனில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ 50 டன் டி.என்.டி. வெடித்தது. 73 பேர் இறந்தனர். அதிர்வில் கிரீன்விச்சின் இரண்டாவது தொட்டி கிழிந்து, அதிலிருந்த 70 இலட்சம் கன அடி வாயு பெருந்தீப்பிழம்பாக எழுந்தது. தொட்டி பின்னர் குறைந்த கொள்ளளவுடன் செப்பனிடப்பட்டது. 1979 சனவரியில் ஐரியக் குடியரசுப் படையினர் வைத்த குண்டு முதலாவது தொட்டியைச் சேதப்படுத்தியது.

வடகடலில் இயற்கை வாயு கிடைத்ததும் நிலக்கரி வாயுவின் காலம் முடிவுக்கு வந்தது. 1967க்கும் 1977க்கும் இடையில் நாடு முழுவதும் இயற்கை வாயுவுக்கு மாறியது. கிரீன்விச் ஆலை 1980களின் நடுப்பகுதியில் முற்றாக மூடப்பட்டது. இரண்டாவது தொட்டி அப்பொழுதே இடிக்கப்பட்டது. முதலாவது தொட்டியின் இரும்புச் சட்டகத்தைப் பாதுகாக்கவேண்டும் என உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் வற்புறுத்தினர். அது பயனளிக்கவில்லை. 2020 அளவில் அதுவும் அகற்றப்பட்டது.

பிளாக்வால் சுரங்கப்பாதை

தீபகற்பத்தை வடகரையுடன் இணைக்கும் பிளாக்வால் சுரங்கச் சாலை 1897 மே 22 அன்று திறக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் இலண்டன் மாவட்ட மன்றத்தின் பொறியாளர் அலெக்சாண்டர் பின்னி. குதிரை வண்டிகளுக்கென அமைக்கப்பட்ட இச்சுரங்கம் நேராக இல்லாமல் வளைந்து செல்கிறது. மறுமுனையின் வெளிச்சத்தைக் கண்ட குதிரைகள் மிரண்டு பாயாதிருக்கவே இவ்வாறு அமைத்தனர் என்பர். குதிரைகள் போய்விட்டன, வளைவுகள் சரக்குந்து ஓட்டுநருக்கு இன்றும் தொல்லையாக உள்ளன. நெரிசல் மிகவே 1967இல் இரண்டாவது சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் காற்றோட்டக் கோபுரங்களை வடிவமைத்த டெரி ஃபாரல் பின்னர் பெரும்புகழ் பெற்ற கட்டடக் கலைஞரானார்.

சுரங்கத்தின் அணுகுசாலை தீபகற்பத்தின் நடுவே செல்வதால் பழைய கிழக்கு கிரீன்விச் தெருக்களிலிருந்து ஆற்றங்கரை துண்டிக்கப்பட்டது. கால்நடையாகச் செல்வோருக்கு இது இன்றும் பெரிய தடை.

மில்லேனியம் டோம்

ஆலைகள் மூடப்பட்ட பின்னர் ஏறத்தாழ பத்தாண்டுகள் தீபகற்பத்தின் வடபகுதி வெறுமையாகக் கிடந்தது. 1996இல், கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியின்போது, புத்தாயிரமாண்டுக் கண்காட்சிக்கான இடமாக இது தெரிவு செய்யப்பட்டது. பர்மிங்காம் உள்ளிட்ட இடங்களும் போட்டியில் இருந்தன. முதன்மை நெடுங்கோடு இவ்வழியே செல்வது கிரீன்விச்சுக்கு வலுச்சேர்த்தது. 1997இல் ஆட்சிக்கு வந்த டோனி பிளேர் அரசு, அமைச்சரவையில் ஐயங்கள் இருந்தும் திட்டத்தைத் தொடர்ந்தது.

அதே ஆண்டில் இங்கிலிஷ் பார்ட்னர்ஷிப்ஸ் என்னும் அரசு மறுவளர்ச்சி அமைப்பு 121 எக்டேர் நிலத்தை 2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மண்ணில் தார், பென்சீன், சயனைடுச் சேர்மங்கள், கன உலோகங்கள் ஆகியவை இருந்தன. மிகவும் மாசடைந்த மண் தோண்டி அகற்றப்பட்டது. எஞ்சிய இடங்கள் தூய மண்ணால் மூடப்பட்டன. சாலை, குழாய், பூங்கா ஆகியவற்றையும் சேர்த்து இவ்வமைப்பு முதலிட்ட தொகை 22.5 கோடி பவுண்டுக்கும் மேல். நிலத்தின் விலையைப் போலப் பதினொரு மடங்கு அதனைப் பயன்படத்தக்கதாக்கச் செலவானது என்பது கவனிக்கத்தக்கது.

மில்லேனியம் டோம் (ஆயிரமாண்டுக் குவிமாடம்) என்று பெயர் பெற்றாலும், கட்டட இயலின்படி இது குவிமாடம் அன்று. கம்பங்களிலிருந்து எஃகு வடங்களால் தொங்கவிடப்பட்ட கூடாரமே. வடிவமைத்தவர் ரிச்சர்ட் ரோஜர்ஸ். பொறியியல் பணி பூரோ ஹாப்போல்ட் நிறுவனத்தினுடையது. ஆண்டின் மாதங்களைக் குறிக்க 12 மஞ்சள் கம்பங்கள், நாட்களைக் குறிக்க 365 மீட்டர் விட்டம், வாரங்களைக் குறிக்க நடுவில் 52 மீட்டர் உயரம் என அளவுகள் அமைக்கப்பட்டன. கண்ணாடி இழைத் துணியின்மேல் டெஃப்லான் வகைப் பூச்சிட்ட கூரை மிக இலேசானது. கூரையின் ஒரு பக்கத்தில் வட்டமான பெரிய துளை ஒன்று உண்டு. பிளாக்வால் சுரங்கத்தின் காற்றோட்டக் கோபுரம் அவ்விடத்தில் இருந்ததால், அதனை விட்டுவிட்டே கூரையை வேயவேண்டியதாயிற்று.

1999 டிசம்பர் 31 இரவில் தொடக்க விழா நடைபெற்றது. ஓராண்டில் 1.2 கோடிப் பேர் வருவர் என மதிப்பிடப்பட்டது. வந்தோர் ஏறத்தாழ 65 இலட்சம். மொத்தச் செலவான 78.9 கோடி பவுண்டில் பெரும்பகுதி தேசியப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து வந்ததால் கடுமையான கண்டனம் எழுந்தது. 2000 நவம்பர் 7 அன்று மண்வாரி இயந்திரத்தால் சுவரை உடைத்து நுழைந்த கும்பல் ஒன்று, 203 காரட் எடையுள்ள மில்லேனியம் ஸ்டார் வைரத்தைத் திருட முயன்றது. முன்னரே அறிந்திருந்த காவல் துறையினர் வைரங்களுக்குப் பதிலாகப் போலிகளை வைத்துக் காத்திருந்து அவர்களைப் பிடித்தனர்.

கண்காட்சி 2000 டிசம்பர் 31இல் முடிந்தது. அதன் தோல்வியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆயினும் தீபகற்பத்தைப் பொறுத்தவரையில் கண்காட்சியைவிட அதனோடு வந்த இரண்டு விடயங்களே முதன்மையானவை. ஒன்று, மண்ணின் தூய்மைப்பணி. மற்றது, 1999 மே 14 அன்று திறக்கப்பட்ட வடக்கு கிரீன்விச் நிலத்தடித் தொடருந்து நிலையம். நீல நிற ஓடுகளால் ஆன இந்நிலையத்திலிருந்து நகர மையத்தை ஏறத்தாழ கால் மணி நேரத்தில் அடையலாம். அதுவரை பேருந்தில் நெரிசலைக் கடந்தே இங்கு வர இயலும்.

வெறுமையாகக் கிடந்த கூடாரத்தை அமெரிக்காவின் ஏ.இ.ஜி. நிறுவனம் எடுத்து, உள்ளே 20,000 பேர் அமரக்கூடிய அரங்கை அமைத்தது. 2007 சூனில் ஓ2 என்னும் பெயரில் அது திறக்கப்பட்டது. 2012 ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சிப் போட்டிகளும் கூடைப்பந்து இறுதி ஆட்டங்களும் இங்கு நடைபெற்றன. 2022 பெப்ரவரி 18இல் வீசிய யூனிஸ் புயல் கூரைத் துணியின் சில பகுதிகளைக் கிழித்தது. அவை பின்னர் மாற்றப்பட்டன.

குடியிருப்பும் பிணக்குகளும்

தீபகற்பத்தின் தென்கிழக்கில் 1999இல் தொடங்கப்பட்ட கிரீன்விச் மில்லேனியம் கிராமம், ரால்ஃப் எர்ஸ்கின் என்னும் கட்டடக் கலைஞரால் திட்டமிடப்பட்டது. வண்ணச் சுவர்களும் உள்முற்றங்களும் கொண்ட இக்குடியிருப்பை ஒட்டி, இரு ஏரிகளுடன் கூடிய சூழலியல் பூங்கா 2002இல் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையில் பழைய எஃகுச் சுவரின் சில பகுதிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஓத நீர் ஏறி இறங்கும் படிமேடைகள் அமைக்கப்பட்டன. நாணல் வளர்ந்த அவ்விடங்களில் மீன்குஞ்சுகளும் நீர்ப்பறவைகளும் மீண்டும் காணப்படுகின்றன. சதுப்பு எப்படி இருந்தது என்பதை இங்கே ஓரளவு காணலாம்.

எல்லா முயற்சிகளும் இவ்வாறு நிலைக்கவில்லை. குறைந்த ஆற்றலில் இயங்குவதற்காகப் பாராட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டில் ஸ்டெர்லிங் கட்டடக்கலைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற பல்பொருள் அங்காடி ஒன்று 1999இல் இங்கு கட்டப்பட்டது. பதினாறு ஆண்டுகளில் அது மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 2019இல் ஐக்கியா நிறுவனத்தின் அறைகலன் கடை திறக்கப்பட்டது.

வடபகுதியின் வீடமைப்பு 2000களில் மெதுவாகவே நகர்ந்தது. 2008 நிதி நெருக்கடி அதனை மேலும் தாமதப்படுத்தியது. பின்னர் ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட நைட் டிராகன் நிறுவனம் பொறுப்பேற்றது. 2013இல், திட்டம் இலாபகரமாக அமைய வேண்டுமாயின் குறைந்த வாடகை வீடுகளின் பங்கைக் குறைக்கவேண்டும் என்னும் நிறுவனத்தின் கோரிக்கையை மாநகரப் பிரிவு மன்றம் ஏற்றது. 35 விழுக்காடாக இருந்த பங்கு 21 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு அடிப்படையான கணக்கு வணிக இரகசியம் எனக் கூறி வெளியிடப்படவில்லை. குடியிருப்பாளர் ஒருவர் தகவல் பெறும் உரிமையின்கீழ் தொடர்ந்து போராடியதன் விளைவாக, கணக்கை வெளியிடுமாறு 2015 சனவரியில் தீர்ப்பாயம் ஆணையிட்டது. பொதுப்பணத்தில் தூய்மையாக்கப்பட்ட நிலத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும் என்னும் கேள்வியை இவ்வழக்கு எழுப்பியது. இலண்டனின் பிற பகுதிகளிலும் இத்தகைய கணக்குகளை வெளிப்படையாக்கக் கோருவோர் இதனை மேற்கோள் காட்டினர். அதே ஆண்டில் மொத்தம் ஏறத்தாழ 15,700 வீடுகளுக்கான புதிய பெருந்திட்டத்துக்கு மன்றம் ஒப்புதல் அளித்தது.

காற்றின் தூய்மையும் தொடர்ந்து பிணக்குக்குரியதாக இருந்துவருகிறது. என்டர்பி துறையில் உல்லாசக் கப்பல் முனையம் அமைக்க 2015இல் அனுமதி வழங்கப்பட்டது. கரையிலிருந்து மின்சாரம் பெறும் வசதியின்றி, நங்கூரமிட்ட கப்பல்கள் நாள் முழுதும் தம் டீசல் இயந்திரங்களை இயக்கும் என்பதால் மக்கள் எதிர்த்தனர். 2019இல் திட்டம் கைவிடப்பட்டது. என்டர்பி குடும்பத்தின் பழைய இல்லம் 2021இல் மதுவிடுதியாகத் திறக்கப்பட்டது. கம்பிவடம் ஏற்றிய பழைய கருவிகள் அதன் எதிரே உள்ள துறைமேடையில் நிற்கின்றன.

போக்குவரத்து

நிலத்தடித் தொடருந்தைத் தவிர, பேருந்துகளும் ஆற்றுப் படகுகளும் தீபகற்பத்தை நகருடன் இணைக்கின்றன. 2012 சூன் 28 அன்று ஆற்றைக் கடக்கும் தொங்குவண்டிச் சேவை திறக்கப்பட்டது. எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்த இது, 2022 முதல் ஐ.எஃப்.எஸ். கிளவுட் என அழைக்கப்படுகிறது. அன்றாடப் பயணிகளைவிடச் சுற்றுலாவினரே இதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர்.

பிளாக்வால் சுரங்கத்தின் நெரிசலைக் குறைக்கும் நோக்கில், தீபகற்பத்தையும் சில்வர்டவுனையும் இணைக்கும் 1.4 கிலோமீட்டர் நீள இரட்டைச் சுரங்கம் 2025 ஏப்ரல் 7 அன்று திறக்கப்பட்டது. புதிய சாலை மேலும் ஊர்திகளை ஈர்க்கும், குழந்தைகள் படிக்கும் பள்ளிகளை ஒட்டிப் புகை மிகும் என்று எதிர்ப்பாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர். கட்டுமானச் செலவை ஈடுசெய்யவும் ஊர்திகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும் புதிய சுரங்கத்துக்குச் சுங்கம் விதிக்கப்பட்டது. அன்று முதல், 1897 தொட்டுக் கட்டணமின்றி இருந்த பிளாக்வால் சுரங்கத்தைக் கடக்கவும் கட்டணம் செலுத்த வேண்டும். மிதிவண்டியில் செல்வோர் புதிய சுரங்கத்துக்குள் தாமே ஓட்டிச் செல்ல இயலாது. அவர்களையும் மிதிவண்டிகளையும் ஏற்றிச்செல்லத் தனிப் பேருந்து விடப்பட்டது.